செங்கல்பட்டுச் சீமையின் கணக்குகள்

திருப்போரூரில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கந்தசாமி கோயிலுக்கு வருபவர்கள். முருகன் அசுரர்களோடு திருச்செந்தூரில் கடலிலும் திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும் இங்கே விண்ணிலும் போரிட்டான் என்பது தலபுராணம். 17-ஆம் நூற்றாண்டில் மதுரையிலிருந்து வந்த சிதம்பர சுவாமிகள், பனங்காட்டில் மறைந்துகிடந்த மூர்த்தியைக் கண்டெடுத்துக் கோயில் எழுப்பினார் என்கிறார்கள். அவர் பாடிய திருப்போரூர்ச் சந்நிதிமுறையை இன்றும் ஓதுகிறவர்கள் உண்டு. சாமி கும்பிட்டுவிட்டு நான் தேடிப் போனது வேறொன்று. இந்த மண்ணை யார் யார் எப்படியெல்லாம் பங்கு பிரித்தார்கள், அந்தப் பங்கீட்டில் இங்கேயே பிறந்து இங்கேயே உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று ஊர் ஊராகப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கடைவீதியில் பழைய பெயர்ப்பலகைகள் சிலவற்றில் இன்னும் 'காஞ்சிபுரம் மாவட்டம்' என்றே இருக்கிறது. இந்த ஊரில் 60 வயதான ஒருவர், வீட்டை ஓரடி நகர்த்தாமலே மாவட்டம் மாறி மாறி வாழ்ந்தவர். முதலில் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அதுவே பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் ஆனது. 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானபோது அவர் காஞ்சிபுரத்துக்காரர். 2019 நவம்பர் 29 முதல் புதிய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். மாநிலத்தின் பெயரே 1969 ஜனவரி 14-இல்தான் மெட்ராஸ் என்பதிலிருந்து தமிழ்நாடு ஆனது. குடும்ப அட்டையில் முகவரி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் பிள்ளைகளுக்கு வீட்டுமனைப் பட்டா உண்டா என்ற கேள்வி மட்டும் ஊரின் எந்தப் பக்கத்தில் அவர் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தே இன்னும் நிற்கிறது.

இந்த மண்ணில் மனிதர் வாழ்ந்த தடம் எந்த அரசையும்விடப் பழையது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரிதான் இந்தியாவில் முதன்முதல் அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி. பல்லாவரம் இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. திருப்போரூருக்குப் பக்கத்திலேயே சிறுதாவூரில் பெருங்கற்காலத்து ஈமக் கல்வட்டங்கள் உண்டு. வட்டமாக நட்ட பாறைகளுக்குள் தங்கள் இறந்தோரை வைத்தவர்கள் யாருக்கும் வரி கட்டியதாகத் தெரியவில்லை.

பிறகு வந்தது தொண்டைமண்டலம். இதை 24 கோட்டங்களாகவும் 79 நாடுகளாகவும் பிரித்தார்கள் என்பது மரபு. முதலில் குறும்பர்கள் கோட்டை கட்டி ஆண்டார்கள் என்றும், ஆதொண்டைச் சோழன் அவர்களை வென்று வேளாளரைக் குடியேற்றினான் என்றும் ஒரு கதை 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் பதிவாகியிருக்கிறது. அதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நிலம் உடையவர்கள் ஒரு காலத்தில் வந்து ஏறியவர்கள், அவர்களுக்கு முன்பே இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்ற நினைவை நிலவுடைமையாளரின் கதையே ஒப்புக்கொள்கிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இதுதான்.

மாமல்லபுரம் ஆமூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. திருக்கழுக்குன்றம் களத்தூர்க் கோட்டம். கோட்டத்தின் பெயர் கல்லில் நின்றுவிட்டது, ஆண்டவர்கள் மாறினார்கள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கந்தசிஷ்யன் என்ற பழைய மன்னன் கொடுத்த நிலக்கொடையை, வாதாபி கொண்ட பல்லவ மன்னர் நரசிங்கப் போத்தரையர் காத்தபடியே தானும் காத்ததாகச் சோழன் முதலாம் ஆதித்தன் அதில் சொல்கிறான். பல்லவனை வீழ்த்தியவன் பல்லவனின் நிலக்கணக்கைத் தொடாமல் ஏற்றுக்கொண்டான். அந்தக் கல்லின் முன் நெடுநேரம் நின்றேன். ஆட்சி மாறும்போது கொடி மாறும், மண்டலத்தின் பெயர் மாறும். ராசராசன் காலத்தில் தொண்டைமண்டலமே ஜெயங்கொண்ட சோழமண்டலம் ஆயிற்று. நிலக்கணக்கில் ஏற்கெனவே இடம்பிடித்தவர்களுக்குச் சேதம் இல்லை.

இடம்பிடிக்காதவர்கள் கணக்கில் எப்படி ஏறினார்கள் என்பதையும் கல் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், வரி விதிக்கும் நிலத்திலிருந்து கழிக்க வேண்டியவற்றை எண்ணும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் கம்மாணசேரியையும் கழிக்கின்றன. சேரி கணக்கில் உண்டு; கழித்துவிட வேண்டிய இடமாக. கடலோரத் திருவிடந்தையில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, பன்னிரண்டு மீனவக் குடும்பங்களைப் பெருமாள் கோயிலுக்குக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. இங்கே மனிதர்கள் கணக்கில் ஏறியிருக்கிறார்கள், கொடைப்பொருளாக.

திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகும் சாலை உப்பங்கழியையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்டுகிறது. இந்தச் சீமையை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சாலை வேறில்லை. பின்னால் பழைய மாமல்லபுரம் சாலையும் அதன் அடுக்குமாடிகளும். முன்னால் சவுக்குத் தோப்பும் கடலும். நடுவில் தேங்கிய நீரில் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பழங்குடிப் பெண்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைக் கழுத்தில் தொங்கும் ஓலைப்பறியில் போடுகிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. இந்தக் கால்வாயின் ஒரு பகுதியை 1877–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டினார்கள். பசித்த கூலிகள் வெட்டிய கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

கடலோரத்தில் ஐரோப்பியர் வந்து போன கதை எல்லாரும் அறிந்ததுதான்; சுருக்கமாகவே சொல்கிறேன். கோவளத்தில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்டு கம்பெனி வணிகம் செய்தது. ஆற்காட்டு நவாப் அங்கே சாதத் பந்தர் என்ற கோட்டையைக் கட்டினார். 1752-இல் கிளைவ் அதைப் பிடித்தார். இப்போது அங்கே தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் மீனவர் குப்பமும் அருகருகே நிற்கின்றன. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டையும், கப்பலும் மண்டையோடும் செதுக்கிய கல்லறைகளும் இருக்கின்றன. இங்கே நெய்த துணிக்காகத்தான் வந்தார்கள். பொழுதுபோக்காகத் திருக்கழுக்குன்றம் ஒருகல் மண்டபத்துத் தூண்களில் தங்கள் பெயரையும் வெட்டிவிட்டுப் போனார்கள். 1825-இல் சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் வசமானது. கோட்டைக்குப் பக்கத்தில் இப்போது கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் முதல் உலை 1984-இல் மின்சாரம் விற்கத் தொடங்கியது.

ஐரோப்பியர் விட்டுச்சென்றவற்றில் கனமானது கோட்டை இல்லை, காகிதம். 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, பட்ட கடனுக்கும் பெற்ற உதவிக்கும் ஈடாக இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தென்னிந்தியாவில் அவர்கள் கைக்கு வந்த முதல் பெரிய நிலப்பரப்பு செங்கல்பட்டு ஜாகீர்தான். வாங்கியதும் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க விரும்பினார்கள். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஒவ்வொரு ஊரிலும் நிலம் எவ்வளவு, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, விளைச்சலில் கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் வெட்டியானுக்கும் தச்சருக்கும் எத்தனை பங்கு என்று ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிவைத்திருந்ததுதான் அந்த அளவைக்கு அடிப்படை. அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கிராமம் எப்படி இயங்கியது என்பதற்கு இதற்கு நிகரான சான்று குறைவு. ஊர் தன் விளைச்சலில் பங்கு வைத்துத் தன் ஏரியையும் தன் தொழிலாளரையும் காத்துக்கொண்டது என்று சிலர் இதைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே கணக்கில் ஊர் நிலத்துக்குக் காணியாளர், அதாவது பரம்பரை உரிமையாளர், யார் என்று பாருங்கள். உழுத பறையர்களுக்குக் களத்து மேட்டில் ஒரு பங்கு நெல் உண்டு. காணி இல்லை.

1780-இல் ஹைதர் அலியின் படை வந்து இந்தச் சீமையைச் சூறையாடியது. ஊர்கள் காலியாயின. பிறகு 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரிக்கரையை உடையாமல் காத்த ராமருக்காகத் தாயார் சந்நிதி கட்டிக்கொடுத்த கதையால் நமக்குத் தெரிந்தவர். வருவாய்த் துறைக்கு அவரைத் தெரிந்தது வேறு காரணத்துக்காக. காணியாளர்களோடு மல்லுக்கட்டி வரியை உயர்த்தியவர் அவர். காணியாட்சிக்கு அப்போது மிராசு என்ற பெயர் வந்துவிட்டது. மிராசுதாருக்கு என்ன உரிமை என்று பல ஆண்டுகள் வாதாடி, 1818-இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் விரிவாக எழுதியும் வைத்தார். வெள்ளைக்காரத் துரைகளும் மிராசுதார்களும் நடத்திய அந்த நீண்ட விவாதத்தில் பண்ணையாளுக்கு என்ன உரிமை என்பது கேள்வியாகக்கூட எழவில்லை. அது எழுவதற்கு இன்னும் 70 ஆண்டுகள் ஆயின.

கேட்டவர் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர். 1891-இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அவர் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அவர் விளக்கியது ஒரு பூட்டை. புறம்போக்கில் தரிசு கிடக்கிறது. அதைத் தர்காஸ்து (நில விண்ணப்பம்) போட்டுக் கேட்கலாம் என்கிறது சட்டம். பறையர் ஒருவர் கேட்டால், அந்த ஊர் மிராசுதாருக்கு முன்னுரிமை. அவர் மறுப்புச் சொன்னால் போதும். சரி, கூலிக்காவது வேறு ஊர் போகலாமா? சேரி இருக்கும் மனையே மிராசுதாருடையது. முறைத்தால் குடிசையும் போகும். நிலமும் கிடைக்காது, மனையும் சொந்தமில்லை, பட்ட கடனும் தீராது. செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும் இதையே எழுதிக்கொண்டிருந்தார். 1892-இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்க வேண்டும். பத்து ஆண்டுகள் அதை விற்கக் கூடாது. அதன்பிறகும் அவர்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும். இதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு, 1893-இல், இதே செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர் அவர்.

பஞ்சமி நிலம் பிறந்த மாவட்டத்திலேயே அது பறிபோன கதையும் நடந்தது. கடன் பத்திரம், பொய்க் கையொப்பம், பினாமி, மனைப்பிரிவு என்று நிலம் கைமாறியது. இந்த வட்டாரத்துக் காரணை கிராமத்தில் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தை மீட்க இறங்கி, அங்கே அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் கூடிய மக்கள்மேல் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு இளைஞர்கள் இறந்தார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் அவர்களுக்கு நினைவஞ்சலி நடக்கிறது. கலெக்டர் ஒருவர் எழுதிய அறிக்கையால் கிடைத்த நிலத்தைக் கேட்டு, 103 ஆண்டுகள் கழித்து, செங்கல்பட்டில் கூடியவர்கள் அவர்கள். இந்தக் கரையோரத்தில் மனை விலை ஏற ஏற, அந்தச் சாவுகளை நினைக்காமல் எந்த மனைப்பிரிவு விளம்பரப் பலகையையும் என்னால் கடக்க முடியவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. இங்கே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. அதுவரை பாம்புத்தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். வனவிலங்குச் சட்டம் வந்து, 1976-இல் தோல் ஏற்றுமதியும் நின்றதும் பிழைப்பு ஒரே அடியில் போயிற்று. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் உதவியோடு தொடங்கிய சங்கத்தில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு இந்த நஞ்சுதான் பல ஆண்டுகளாக முக்கிய ஆதாரம். செங்கல்பட்டுப் பக்கத்துச் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிற்று, எப்போது போயிற்று என்று சொல்கிறவர்களின் கல்வி அது. அதே இனத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் சேரச் சாதிச் சான்றிதழ் கிடைப்பது பல ஊர்களில் இன்றும் போராட்டம். அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்களை வருவாய்க் கோட்டாட்சியர்கள் மீட்ட செய்திகள், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பிறகும் நிற்கவில்லை.

மாமல்லபுரத்தின் கற்கோயில்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். 1984 முதல் அவை உலக மரபுச் சின்னம். நான் எழுத நினைப்பது மாசிமக இரவைப் பற்றி. பௌர்ணமிக்கு முன்பே செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று வடதமிழகம் முழுவதிலுமிருந்து இருளர் குடும்பங்கள் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணலில் வந்து இறங்குகின்றன. புடவைகளையும் தார்ப்பாய்களையும் கழியில் கட்டிக் கூடாரம். அவர்கள் தெய்வம் கன்னியம்மா, கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள். பாடி அழைத்தால் வருவாள். விடியுமுன் அலையோரத்தில் மணலால் ஏழு படி கட்டி, பூவும் வெற்றிலையும் தேங்காயும் வைத்து, பூசாரி அருளேறி ஆட, பெண்கள் அழைக்கிறார்கள். சூரியன் எழும்போது அந்த மணல் கோயிலின் முன்னால் கல்யாணங்கள் நடக்கின்றன. காதுகுத்து, மொட்டை எல்லாம் அங்கேயே. மறுநாள் அலை படிகளைக் கொண்டுபோய்விடும். பக்கத்தில் ராசசிம்மனின் கற்கோயில் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. அதற்குத் தொல்லியல் துறை உண்டு, வேலி உண்டு, நுழைவுச் சீட்டு உண்டு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கூடும் இந்த விழாவும் அதே அளவு மதிக்க வேண்டிய மரபு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த இரவுகளில் குடிதண்ணீரும் கழிப்பிடமும் குறைவில்லாமல் செய்துதருவதுதான் முதல் மரியாதை.

ஊருக்கு மேற்கே பூஞ்சேரி. இருளரும் நரிக்குறவரும் வாழும் இடம். நரிக்குறவப் பெண் ஒருவர் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார விடாமல் அனுப்பப்பட்டதைக் காணொளியில் கோபத்தோடு சொன்னது தமிழகம் முழுக்கப் பரவியது. 2021 நவம்பர் 4, தீபாவளியன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் கொடுத்தார். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒரு பெண் பந்திக்காக எழுப்பிய குரல் அந்தத் தாள்களைக் கொண்டுவந்தது. அதே குரல் எழாத குடியிருப்புகள் எத்தனை என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பட்டினவர் என்ற மீனவர்களின் குப்பங்களுடைய கதை இன்னொரு வகை. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோர மணல் ஊருக்குப் பொது. யார் எங்கே படகு ஏற்றுவது, வலை உலர்த்துவது, மீனை ஏலம் விடுவது என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முடிவுசெய்யும். தனிப் பட்டா அந்த மணலுக்குப் பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கு வேண்டியும் இருக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த 2005 அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்கு உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே இலவச வீடு தருவதாகச் சொல்லி, பழைய இடத்தை விட்டுக்கொடுக்கும்படி கேட்டது. மீனவர் பலர் தயங்கினார்கள். படகு இருக்கும் இடத்தைவிட்டு வீடு தள்ளிப்போனால், கடல் எப்படி இருக்கிறது என்று நடுராத்திரியில் யார் பார்ப்பது? தாங்கள் காலி செய்யும் மணலில் நாளை விடுதி எழும் என்ற அச்சமும் இருந்தது. இந்தச் சாலையில் பயணம் செய்கிற எவரும் அந்த அச்சத்தை வீண் என்று சொல்லமாட்டார்.

மாநில எல்லை வகுத்தபோதும் இந்த மாவட்டம் அறுபட்டது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்த பிறகும் வடக்கெல்லைத் தகராறு தீரவில்லை. ம.பொ.சி. முன்னின்று போராடினார். கிராமத்தை அலகாகக் கொண்டு, எந்த மொழியினர் மிகுதி என்று பார்த்து நடுவர் படாஸ்கர் பரிந்துரைத்தபடி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம் பக்கம் வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் தெலுங்கு ஊர்கள் சில ஆந்திரத்துக்குப் போயின. மொழிவழி மாநிலம் சாமானியருக்குத் தன் மொழியில் மனு எழுதும் உரிமையைத் தந்தது. அது பெரிய காரியம். ஆனால் அந்த மனுவில் எழுத வேண்டிய கோரிக்கை பழையதாகவே இருந்தது.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்தேன். கொளவாய் ஏரிக்கரையில் விஜயநகரக் காலத்துக் கோட்டையை ரயில் பாதை ஊடறுத்துப் போகிறது. வேண்பாக்கத்தில் புதிய ஆட்சியர் அலுவலகம். திங்கள்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம் என்ன மனு என்று கேட்டேன். "வீட்டுமனைப் பட்டாதாங்க. ஏரிக்கரையில மூணு தலைமுறையா இருக்கோம்" என்றார். பின்னால் நின்ற அம்மா, "எங்களுது டி.சி. நிலம். தாத்தா பேருல இருந்துச்சு. இப்ப கம்ப்யூட்டர்ல வேற பேரு வருது" என்றார். டி.சி. நிலம் என்றால் பஞ்சமி நிலம்.

1892 ஆணைப்படி எந்தெந்தச் சர்வே எண்கள் பஞ்சமி நிலமாக ஒதுக்கப்பட்டன என்பது பழைய 'அ' பதிவேடுகளில் இருக்கிறது. அவை வட்டாட்சியர் அலுவலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இருக்கின்றன. திருப்போரூர் வட்டத்திலிருந்தே தொடங்கலாம்: ஊர் ஊராக அந்த எண்களை எடுத்துக் கிராம சபையில் உரக்கப் படித்து, இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும். பர்னார்டு 2,000 ஊர்களை அளக்க ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். இந்த வேலைக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது.